கலெக்டர் லீவு விட்டால் நமக்கும் உண்டா?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தையிடம் பேச்சுக் கொடுக்கப் பெரியவர்களுக்குத் தெரிந்த கேள்விகள் மூன்றுதான். பேர் என்ன? என்ன கிளாஸ் படிக்கிறே? அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா? முதல் கேள்விக்கு என் மகள்கள் இருவரும் இனிஷியலோடு பதில் சொல்வார்கள். மூன்றாவதற்கு, பக்கத்தில் நிற்பது அம்மாவா அப்பாவா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு பதில் சொல்லும் அளவுக்கு விவரம் வந்துவிட்டது. சிக்கலெல்லாம் இரண்டாவது கேள்வியில்தான். அவர்கள் எந்தக் கிளாஸிலும் இல்லை. பெரியவளுக்கு 9 வயது, சின்னவளுக்கு 6. இருவருக்கும் படிப்பு வீட்டில். வாத்தியார் அடியேன்.

கல்யாணப் பந்தியில், "நான் ஸ்கூலுக்கே போறதில்ல மாமா" என்று சின்னவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னால், அந்த வரிசையில் நாலு இலைக்குச் சாப்பாடு நின்றுவிடும். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், பெண்டாட்டி நகையை அடகு வைத்துச் சீட்டாடிவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல. கை கழுவும் இடத்தில் ஒரு பெரியப்பா தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தி, "ஃபீஸ் கட்ட முடியலன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?" என்பார். இன்னொருவர், "கரஸ்பாண்டன்ட் நம்ம ஆளுதான், நாளைக்கே பேசிடறேன்" என்று போனை எடுப்பார்.

அப்படி ஒருவரிடம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு, 14 வயது நிரம்பினால் அதன் வழியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சையே எழுதலாம், ரெகுலர் ஸ்கூல் வேண்டாம் என்று விளக்கினேன். சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். என்று சொன்னதுதான் வினை. அவர் காதில் என்.ஐ.டி. என்று விழுந்திருக்கிறது. "இப்பவே சீட் கிடைச்சுடுச்சா? கெட்டிக்காரிங்கப்பா!" என்று இரண்டு குழந்தைகளின் கன்னத்தையும் கிள்ளினார். நான் திருத்தவில்லை. பாயசம் வந்துகொண்டிருந்தது.

சட்டம் தெரிந்த உறவினர்கள்தான் ஆபத்தானவர்கள். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கும் வந்துவிட்டது, 6 முதல் 14 வரை எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் இருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயம்தான். பெற்றோர் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று மட்டும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நாங்கள் பாய் விரித்துப் பலகை வைத்து உட்கார்ந்திருக்கிறோம். பெரியவள் இதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப போலீஸ் வந்தா உன்னைத்தானேப்பா பிடிச்சிட்டுப் போவாங்க, எங்களை இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். நிம்மதியாக விளையாடப் போய்விட்டாள்.

ஏன் இந்த முடிவு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு சொற்பொழிவே தயார். அமெரிக்க வாத்தியார் ஜான் ஹோல்ட், குஜராத்தின் கிஜுபாய் பதேகா, ஜப்பானிலிருந்து 'டோட்டோ-சான்' என்று மூன்று நாடுகளையும் சுற்றிவிட்டு வருவேன். நான் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து என் மனைவி, "ஸ்கூல் வேன் காலைல 6.50-க்கு வந்துடும். இவருக்கு எந்திரிக்க முடியல" என்று முடித்துவிடுவாள். பேங்க் உத்தியோகம். எதையும் ஒரே வரியில் எழுதிப் பழகிய கை. அவளுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வருவதும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த 6.50 வேனை என்னால் முற்றிலும் மறுக்க முடியாது.

அவள் காலையில் கிளம்பிவிடுவாள். நான் வீட்டிலிருந்தபடியே கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். ஆகவே எங்கள் பள்ளியின் ஹெட்மாஸ்டர், வாத்தியார், பியூன், சத்துணவு அமைப்பாளர் எல்லாம் நான்தான். எங்கள் கல்வி நாட்காட்டியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அடுத்தபடியாக ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி பெரிய நாள். அன்றைக்குத்தான் 3பி ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி. தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய். அந்த நாளில் எங்கள் மாணவிகளுக்குச் 'சுயமாகக் கற்றல்' என்ற பாடம் நடக்கும். அது எந்த அறையில் நடக்கிறது என்பதைக் கத்தரிக்கோல் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் சார்ட் பேப்பரில் டைம்டேபிள் எழுதி ஹாலில் ஒட்டினேன். 9 மணி தமிழ், 9.40 கணக்கு, 10.20 இடைவேளை. என் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். மறுநாள் 9 மணியானது. 9.10 ஆனது. பெரியவள் இரண்டாவது தோசைக்குக் காத்திருந்தாள், சின்னவள் ஒரு கால் சாக்ஸை மட்டும் போட்டுக்கொண்டு (வீட்டுக்குள் எதற்கு சாக்ஸ் என்று கேட்கக் கூடாது) இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். சாய்வு நாற்காலியிலிருந்து அறிவிப்பு வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. 9 மணிக்குப் புறப்பட வேண்டிய தமிழ் வகுப்பு சுமார் 40 நிமிடங்கள் தாமதமாகப் புறப்படும். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்." குழந்தைகளுக்குப் பாடத்தைவிட அறிவிப்பு பிடித்துப் போயிற்று. அன்றுமுதல் அறிவிப்பைக் கேட்பதற்காகவே தாமதமாக வருகிறார்கள்.

டோட்டோ-சான் படித்த டோமோயி பள்ளியில் ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள், எந்தப் பாடத்தை முதலில் படிப்பது என்பதைக் குழந்தைகளே முடிவு செய்வார்கள் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பெட்டி இருந்தது சரி. இன்ஜின் இருந்ததா?" என்றார். இல்லை என்றேன். "அதான் டைம்டேபிள் இல்லாம சமாளிச்சிருக்காங்க" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். சார்ட்டின் பின்பக்கத்தில் இப்போது சின்னவள் வரைந்த மயில் இருக்கிறது.

டைம்டேபிள் போனதால் படிப்பு நின்றுவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. படிப்பு பாட்டுக்கு நடக்கிறது. நான் நடத்தும் நேரத்தில் நடப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு மார்கழிக் காலை. எண்களை வரிசையாகக் கூட்டுவது பற்றிப் பாடம் எடுக்க இரவெல்லாம் தயாரித்திருந்தேன். கலர் பேனா, ஒட்டும் தாள், இரண்டு எடுத்துக்காட்டுகள். காபியோடு வாசலுக்கு வந்தால் பெரியவள் என் அம்மாவோடு கோலத்துக்குக் குந்தியிருக்கிறாள். ஏழு புள்ளி, ஊடு புள்ளி, நாலில் நிறுத்த வேண்டும். நடு வரிசையில் ஏழு வைத்து, மேலே ஆறு, ஐந்து, நாலு. கீழேயும் அதேபோல. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வந்து உட்கார வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை அவள் எடுக்கிற அளவே அழகாக இருந்தது. உதிராது, கொட்டாது, ஒரு சிட்டிகைக்கு மூன்று புள்ளி.

"மொத்தம் 37 புள்ளிப்பா" என்றாள், நான் கேட்காமலே. "நேர்ப்புள்ளியா ஏழு, அஞ்சு, மூணு, ஒண்ணுன்னு வச்சா 25தான். 12 புள்ளி மிச்சம். ஆனா அதுல பூ வராது, விளக்குதான் வரும்."

என் உள்ளே இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "சரி, புள்ளியை எண்ணாமலே இந்த 37 எப்படி வருதுன்னு ஒரு சூத்திரம் கண்டுபிடிக்கலாமா?" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சூத்திரம் இருக்கட்டும். நீ நிக்கிற இடத்துல ரெண்டு புள்ளி இருக்கு, காலை எடு." எடுத்தேன். உள்ளே போய் கலர் பேனாக்களை மூடிவைத்தேன்.

அம்மா எங்கள் பள்ளியின் தமிழ்த் துறை. அவள் எழுதும் 'லை' இன்னமும் தும்பிக்கையோடுதான் இருக்கிறது. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை இழந்தன. அதற்கு முன்பே எழுதப் படித்து முடித்துவிட்ட அம்மா, அந்த ஆணை தனக்கு நேரில் கொடுக்கப்படவில்லை என்ற நிலைப்பாட்டில் உறுதியாக இருக்கிறாள். மளிகைச் சீட்டில் வெற்றிலையும் கடலையும் யானைகளாகவே கடைக்குப் போகின்றன. இதைப் பார்த்த சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. தும்பிக்கை போட்டதோடு நிற்காமல் கண்ணும் வாலும் வைத்தாள். ஒரு பக்கம் முழுக்க 'மலை, இலை, அலை' எழுதச் சொன்னால் முதுமலை முகாம்தான் வந்து நின்றது. "இப்படி எழுதக் கூடாதும்மா" என்றேன். "அப்ப பாட்டி எழுதறது தப்பா?" என்றாள், அடுப்படி வரை கேட்கும்படி. கரண்டிச் சத்தம் நின்றது. வாத்தியார் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் சில கேள்விகளுக்கு இருமுவதுதான் பதில்.

"எல்லாம் சரி, நாலு பேரோட பழக வேண்டாமா?" என்பது ஊரார் கடைசியாக எடுக்கும் அஸ்திரம். எங்கள் தெருவில் எல்லாரோடும் அவர்கள்தான் பழகுகிறார்கள். இஸ்திரி வண்டிக்காரருக்கு முட்டி வலி எந்தக் காலில், தண்ணி கேன் போடுகிற அண்ணனுக்கு எப்போது கல்யாணம் எல்லாம் சின்னவளுக்கு அத்துப்படி. சிலிண்டர் கொண்டுவருபவர்தான் கொஞ்சம் தயங்குகிறார். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும் என்பதையும், காலி எடை சிலிண்டரின் மேல் வளையத்துக்குக் கீழே எழுதியிருக்கும் என்பதையும் ஒருநாள் பெரியவளுக்குக் காட்டித் தொலைத்தேன். தசம எண் கூட்டலுக்கு நல்ல பயிற்சியாயிற்றே. இப்போது ஒவ்வொரு தடவையும் அவரைத் தராசில் தொங்கவிடச் சொல்லி, காலி எடை 15.9, கேஸ் 14.2, ஆக 30.1 என்று சரிபார்த்த பிறகுதான் கதவு முழுதாகத் திறக்கும். எடை சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும் அவர் கேட்டில் நின்று, "சார், பெரிய பாப்பா தூங்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறார்.

அதே கணக்கு என் மேலேயே திரும்பிய நாளும் உண்டு. கரண்ட் பில் வந்திருந்தது. 503 யூனிட். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக விலை ஏறும் என்று பெரியவளுக்கு விளக்கி, பில் சரியா என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். எனக்கு அரை மணி நேரம் அமைதி கிடைக்கும் என்பது கணக்கு. அவள் 500 யூனிட்டுக்கு ஒன்றும் 503 யூனிட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். 500-ஐத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். அந்த மூன்று யூனிட்டால் 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

"இந்த வீட்ல மத்தியானம் ஏ.சி. போடறது யாரு?" என்றாள்.

"ஜி.எஸ்.டி. வேலைம்மா. கம்ப்யூட்டர் சூடாயிடும்."

"கம்ப்யூட்டர் மேல துண்டு போர்த்தித் தூங்கறது யாரு?"

அன்று மாலை மனைவி வந்ததும் அந்தத் தாள் அவள் கைக்குப் போனது. பேங்க் ஆடிட்டில்கூட இத்தனை சுத்தமான அறிக்கையைத் தான் பார்த்ததில்லை என்றாள். மகளுக்குக் கணக்கில் முழு மதிப்பெண். எனக்குச் சீலிங் ஃபேன்.

எங்கள் பள்ளிக்கு உண்மையான சோதனை வடகிழக்குப் பருவமழையில்தான் வரும். அக்டோபர் தொடங்கிவிட்டால் ஊரில் எந்தக் குழந்தையும் காலையில் அலாரம் வைத்து எழுப்பாமலே எழுந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். மழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு என்று கீழே ஓடுகிற அந்த ஒரு வரிக்காக. என் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு எதற்கு என்று கேட்டால் பெரியவளிடம் வாதம் தயார். "பள்ளிகளுக்குன்னு போட்டிருக்கு. நம்ம வீடு பள்ளியா, இல்லையா?"

பள்ளி என்று சொன்னால் லீவு விட வேண்டும். பள்ளி இல்லை என்று சொன்னால், பிறகு பாடம் எதற்கு? ஹைகோர்ட்டில் வாதாட வேண்டியவள் எங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன நவம்பரில் ஒரு நாள் இதில் எல்லைத் தகராறும் சேர்ந்துகொண்டது. நாங்கள் இருப்பது கீழ்க்கட்டளை, செங்கல்பட்டு மாவட்டம். பக்கத்து மடிப்பாக்கம் சென்னை மாவட்டம். அன்றைக்குச் சென்னைக்கு லீவு விட்டாகிவிட்டது, செங்கல்பட்டுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு ஊரிலும் கொட்டியது ஒரே மழைதான். "நம்ம ஸ்கூலுக்குத்தான் போர்டே இல்லையே. மடிப்பாக்கத்துல இருக்குன்னு வச்சுக்கலாமே" என்றாள் சின்னவள். அப்பா நாற்காலியிலிருந்து, "தடம் மாற்றி விடலாம்" என்று பச்சைக்கொடி காட்டினார். அதற்குள் செங்கல்பட்டு ஆட்சியரும் மனம் இரங்கிவிட்டதால் நான் தீர்ப்புச் சொல்லாமலே தப்பினேன்.

லீவு வந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். வந்து என்ன விளையாடும் தெரியுமா? டீச்சர் விளையாட்டு. நிஜப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத சின்னவள்தான் எல்லாரையும் இழுத்து உட்காரவைப்பாள். அம்மாவின் துப்பட்டா புடவையாகும், என் ஸ்கேல் பிரம்பாகும். அட்டெண்டன்ஸ் எடுப்பாள், பக்கத்தில் பேசியவனை இடம் மாற்றுவாள், "இது என்ன சந்தைக்கடையா?" என்பாள். இதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

அன்றைக்கு 20-ஆம் தேதி வேறு. வகுப்புக்கு ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துக் கடைசி பெஞ்சில், அதாவது சோபாவுக்குப் பின்னால், உட்காரவைத்துவிட்டாள். துணிக்கடைக்காரர் ஒருவருக்கு ரிட்டர்ன் பாக்கி. சம்மணம் போட்டு, மடியில் போனை வைத்து, ஓ.டி.பி. வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லாஸ்ட் பெஞ்ச்! எந்திரி. ஏழெட்டு எவ்ளோ?"

"அம்பத்தி..." என்று இழுக்கும்போது ஓ.டி.பி. வந்து விழுந்தது. கண் அங்கே போய்விட்டது. "அம்பத்தி மூணு" என்று ஓ.டி.பி.யின் முதல் இரண்டு எண்ணைச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. மிஸ் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"மிஸ், அந்த ஓ.டி.பி. பத்து நிமிஷத்துல..."

"எதிர்த்துப் பேசறியா? போய் உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. அப்புறம்தான் கிளாஸுக்குள்ள விடுவேன்."

சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி மிஸ் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் மிஸ் இவன் அப்பா."

"என்ன சார், வீட்ல இவனைக் கவனிக்கிறதே இல்லையா? வாய்ப்பாடு தெரியல, எப்பப் பாரு போனு."

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் மிஸ். நானும் சொல்லாத நாளில்ல." பெருமூச்சு விட்டார். "பேசாம டி.சி. கிழிச்சுக் குடுத்துடுங்க. கூட்டிட்டுப் போய் வீட்லயே வச்சுச் சொல்லிக் குடுத்துக்கறேன்."

மிஸ் ஸ்கேலைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்க ஒருமுறை பார்த்தார்.

"வீட்லயா? உருப்பட்ட மாதிரிதான்."